ஊர்தான் அவருக்குப் பெயர் வைத்தது

போன வருடம் கோடையில் சித்தப்பா எங்கள் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தார். கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர், எழுபதைத் தாண்டியவர், விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை. நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், நாட்டிங்ஹாமை ஒட்டிய பீஸ்டனில். கோட்டை, மியூசியம் எல்லாம் இரண்டு நாளில் சலித்துப்போய், "தண்ணி கெடக்குற எடமா ஒண்ணு கூட்டிட்டுப் போப்பா" என்றார். எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் அட்டன்பரோ ஏரிகள்தான், ரயிலில் அடுத்த ஸ்டேஷன். இறங்கியதும் பிளாட்பாரத்துப் பலகையை நான் வாசித்துச் சொல்ல, சித்தப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"டிவியில மிருகங்களையெல்லாம் காட்டுவாரே, அந்தப் பெரியவர் பேரா? காந்தி படம் எடுத்தவரும் அவுக அண்ணன்தானப்பா? அவுக பேரைத்தான் ஊருக்கு வச்சிருக்காகளா?"

டேவிட் அட்டன்பரோவையும் அவர் அண்ணன் ரிச்சர்டையும் மனதில் வைத்து அவர் கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் ஊருக்கும் தெருவுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் மனிதர்களின் பெயரை வைப்பதுதான் வழக்கம். தேனி பஸ் ஸ்டாண்டே பெரியாறு அணை கட்டிய பென்னிகுவிக் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் இங்கே கதை தலைகீழ். ஊருக்கு அவர் பெயரை வைக்கவில்லை சித்தப்பா, ஊர்தான் அவர் குடும்பத்துக்குப் பெயர் வைத்தது என்று சொன்னேன். "அதெப்படி?" என்றார். அந்த "அதெப்படி"க்குப் பதில் தேடப் போய்த்தான் பல மாதங்களாக இந்த ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். அட்டன்பரோ என்றால் உலகத்துக்கே தெரியும் என்பதால் அது சாதாரணமான பெயர் என்று தோன்றும். உண்மையில் அது ஆங்கிலேயர்களிடையே அரிதான குடும்பப் பெயர். பிரிட்டனில் ஸ்மித் என்ற பெயர்கொண்டவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். அதன் பக்கத்தில் வைத்தால் அட்டன்பரோக்கள் ஒரு கைப்பிடி. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து வரைபடம் போட்டுப் பார்த்தால், அந்தக் கைப்பிடியும் நாட்டிங்ஹாம்ஷயரிலும் பக்கத்து டார்பிஷயரிலும்தான் திரண்டு கிடக்கிறது. ஐநூறு அறுநூறு வருடம் கடந்த பிறகும் ஒரு பெயர் தான் பிறந்த இடத்தைச் சுற்றியே நின்றிருக்கிறது.

சரி, ஊர்ப் பெயர் எப்படி மனிதனுக்கு வருகிறது? இதைப் புரிந்துகொள்ள நமக்கு அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. கம்பத்துக்குள் யாரும் என் சித்தப்பாவைக் கம்பத்துக்காரர் என்று சொல்ல மாட்டார்கள், அங்கே இருப்பவர்கள் எல்லாருமே கம்பத்துக்காரர்கள்தானே. ஆனால் சித்தி பிறந்த பெரியகுளத்தில் அவர் இன்றைக்கும் "கம்பத்தார்"தான். இங்கிலாந்திலும் அதே கணக்கு. ஊரை விட்டுக் கிளம்பியவனுக்குத்தான் ஊர்ப் பெயர் ஒட்டும். அட்டன்பரோவிலேயே இருந்தவன் எவனுக்கும் அட்டன்பரோ என்ற பெயர் தேவைப்படவில்லை. ஆகவே இன்று அந்தப் பெயரைச் சுமக்கிற ஒவ்வொருவருக்கும் பின்னால், என்றைக்கோ ஒரு நாள் அந்த ஊரிலிருந்து மூட்டையைக் கட்டிக்கொண்டு நடந்த ஒரு மூதாதை இருக்கிறான். எனக்கு இதில் பிடித்ததே இதுதான்.

1066-ல் பிரான்சிலிருந்து நார்மன்கள் படையெடுத்து வருவதற்கு முன்னால் ஆங்கிலேயர்களுக்கும் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். நார்மன்களுக்குப் பிறகு ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெயர்களே நாடு முழுக்கப் பரவின. ஒரு ஊரில் எட்டு ஜான் இருந்தால் வரி வாங்க வருகிற கணக்கர் என்ன செய்வார்? கொல்லன் ஜான், ராபர்ட் மகன் ஜான், செம்பட்டை ஜான், அட்டன்பரோவிலிருந்து வந்த ஜான் என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்துத்தானே எழுத முடியும்? முதலில் இது அந்த ஆளுக்கு மட்டுமான அடையாளம், அவன் மகனுக்கு வேறொன்று வரலாம். 13, 14-ஆம் நூற்றாண்டுகளில்தான் அது மகனுக்கும் பேரனுக்கும் இறங்குகிற சொத்தாக மெல்ல மாறியது. நிலம் வைத்திருந்தவர்களிடம் முதலில், ஏழைகளிடம் பிறகு. தெற்கில் முதலில், வடக்கில் நிதானமாக. 1377, 1379, 1381 ஆகிய மூன்று வருடங்களில் தலைக்கு இவ்வளவு என்று போடப்பட்ட தலைவரிப் பட்டியல்களைத்தான் இன்று பெயர் ஆராய்கிறவர்கள் பொக்கிஷமாக வைத்துக்கொள்கிறார்கள், சாதாரண மனிதர்களின் பெயர்கள் கூட்டம் கூட்டமாகக் காகிதத்தில் ஏறிய இடம் அது. (அந்த மூன்றாவது வரிதான் 1381-ல் குடியானவர்களின் பெரும் கிளர்ச்சியைக் கிளப்பியது. வரி கேட்டவர்கள் மேல் கோபம் கொண்ட அதே மக்களின் பெயர்கள் அந்த வரிப் பட்டியலில்தான் பத்திரமாக இருக்கின்றன என்பது என்னை என்னவோ செய்கிறது.) அப்புறம் 1538-ல், எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு தேவாலயமும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதற்குப் பிறகு பெயர்கள் ஓடி ஒளிய வழியில்லை.

அட்டன்பரோ என்ற சொல்லில் ஒரு பொறி இருக்கிறது, நானும் அதில் விழுந்தேன். இடைக்கால ஆங்கிலத்தில் "அட்டென்" என்றால் "அந்த இடத்தருகே" என்று பொருள். அதிலிருந்து ஒரு பெரிய கூட்டம் பெயர்கள் பிறந்திருக்கின்றன. காட்டருகே இருந்தவன் அட்வுட், கிணற்றருகே இருந்தவன் அட்வெல். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது நாஷ். "அட்டென் ஆஷ்", அதாவது ஆஷ் மரத்தடிக்காரன் என்று சொல்லிச் சொல்லி, முதல் சொல்லின் கடைசி "ன்" அடுத்த சொல்லின் தலையில் ஏறி உட்கார்ந்து, முன்பாதி உதிர்ந்துபோய் நாஷ் ஆனது. ஓக் மரத்தடிக்காரன் நோக்ஸ் ஆனதும் அப்படியே. உடல் மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பே என்று நன்னூலில் நாம் மனப்பாடம் செய்ததேதான், என்ன, அவர்கள் அந்தப் புணர்ச்சியைத் திரும்பப் பிரிக்க மறந்துவிட்டார்கள். இதைப் படித்தவுடன் அட்டன்பரோவும் "அட்டென் பரோ"தான், கோட்டையடிக்காரன் என்று எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன். அது தப்பு. ஊரின் பழைய எழுத்து வடிவங்களில் "ட்ட" இல்லை, மெல்லிய "ட"தான் இருக்கிறது, ஏடன்பர்க் என்பதைப் போல. முன்பகுதி ஒரு மனிதனின் பெயரிலிருந்து வந்தது, பின்பகுதி "பர்" என்ற பழைய ஆங்கிலச் சொல், அரண் கட்டிய இடம். ஆக, நார்மன்களுக்கும் முந்தைய காலத்தில் யாரோ ஒருவனுடைய அரண் இருந்த இடம், அவன் பெயரையே ஊராக்கிக்கொண்டது. சித்தப்பா ஒரு வகையில் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்! ஊருக்கு மனிதன் பெயர்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் அந்த மனிதன் ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் வாழ்ந்தவன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவ்வளவு சின்ன ஊரிலிருந்து இவ்வளவு பெரிய பெயர் வந்ததை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். டிரென்ட் ஆற்றங்கரையில் ஒரு தேவாலயம், அதைச் சுற்றிச் சில பழைய வீடுகள், பிறகு ஏரிகள். 1086-ல் நாடு முழுவதும் அளந்து எழுதிய டூம்ஸ்டே கணக்கில் இந்த ஊரின் பெயரே இல்லை. பக்கத்து ஊர்களான சில்வெல்லும் டோட்டனும் இருக்கின்றன, ஆளுக்கு அரைத் தேவாலயம் என்று எழுதியிருக்கிறது. இரண்டு ஊருக்கும் பொதுவாக நடுவில் நின்ற கோயில்தான் அட்டன்பரோ புனித மேரி ஆலயம். அதை ஒட்டிய வீட்டில் 1611-ல் பிறந்தவர் ஹென்றி அயர்ட்டன், மன்னராட்சியைக் கவிழ்த்த ஆலிவர் குரோம்வெல்லின் மருமகன், முதலாம் சார்ல்ஸ் மன்னரின் மரண உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். 1651-ல் அயர்லாந்தில் காய்ச்சலில் செத்த அவரை, மன்னராட்சி திரும்பியதும் 1661-ல் கல்லறையிலிருந்து தோண்டியெடுத்துத் தூக்கில் தொங்கவிட்டார்கள்.

அந்தக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் சித்தப்பா ரொம்ப நேரம் நின்றது வேறொரு இடத்தில். 1918 ஜூலை 1 அன்று, சில்வெல்லில் இருந்த பீரங்கிக் குண்டுக்கு வெடிமருந்து நிரப்பும் தொழிற்சாலை வெடித்தது. 134 பேர் செத்தார்கள். அவர்களில் 32 பேரை மட்டுமே இன்னார் என்று அடையாளம் சொல்ல முடிந்தது. மற்றவர்களைச் சேர்த்துப் புதைத்த இடம் இந்தக் கோயிலில்தான் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு அழியாத பெயரைக் கொடுத்த மண்ணில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பெயர் பிரித்துச் சொல்ல முடியாமல் கிடக்கிறார்கள். சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நானும்.

ஏரிகளுக்கு வயது குறைவு. 1929 முதல் அங்கே ஆற்றுச் சரளை தோண்டினார்கள், தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து ஏரிகளாயின. 1966-ல் அவை பறவைகளுக்கான காப்பிடமாக ஆனபோது அதைத் திறந்து வைக்க வந்தவர் டேவிட் அட்டன்பரோ. 2005-ல் பார்வையாளர் மையத்தைத் திறந்து வைக்கவும் அவரே வந்தார். தன் குடும்பம் பெயராகச் சுமந்து திரிந்த ஊருக்கு, அந்தப் பெயரோடு திரும்பி வந்து நாடா வெட்டியிருக்கிறார். தென்மேற்கே பார்த்தால் ராட்கிளிஃப் அனல்மின் நிலையத்தின் எட்டுக் கோபுரங்கள் தெரிகின்றன. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையம் அது, 2024 செப்டம்பர் 30 அன்று நிறுத்திவிட்டார்கள். அந்தக் கோபுரங்களையும் கொக்குகளையும் ஒரே படத்தில் சேர்த்து எடுக்கச் சொல்லிச் சித்தப்பா என்னைப் படுத்திவிட்டார்.

இப்போது அந்த ஊரை விட்டுக் கிளம்பியவனுக்கு வருவோம். அவன் எவ்வளவு தூரம் போனான்? பெரும்பாலும் ரொம்பத் தூரம் போகவில்லை. டேவிட், ரிச்சர்ட் இருவரின் அப்பா ஃபிரெடரிக் அட்டன்பரோ 1887-ல் பிறந்தது ஸ்டேப்பிள்ஃபோர்டில். அட்டன்பரோவிலிருந்து 5 கிலோமீட்டர் போலத்தான் இருக்கும், நானே மிதிவண்டியில் போய்வருவேன். பேரரசு உலகம் முழுக்கப் பரவிய காலத்திலும் அந்தப் பெயர் ஒரு சந்தை நாளுக்கு நடந்து போய்த் திரும்பும் தூரத்துக்குள்ளேயே வாழ்ந்திருக்கிறது. அரிய ஆங்கிலப் பெயர்கள் பலவற்றின் குணமே இதுதான். கொஞ்சம் பேர் லண்டனுக்கும் போனார்கள், 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் அட்டன்பரோ என்பது அடகுக்கடைப் பலகைகளில் தெரிந்த பெயர்.

ஃபிரெடரிக் ஸ்டேப்பிள்ஃபோர்டிலிருந்து கேம்பிரிட்ஜ் வரை படித்துப் போய், பழைய ஆங்கிலத்தில் தேர்ந்த அறிஞரானார். ஆங்கிலோ சாக்சன் காலத்து மன்னர்களின் சட்டங்களை 1922-ல் மொழிபெயர்ப்போடு பதிப்பித்தவர். தன் பெயரின் கடைசியில் இருக்கிற "பர்" எந்த மொழியோ, அந்த மொழியிலேயே வாழ்க்கையைச் செலவழித்த மனிதர். 1932 முதல் 1951 வரை லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். ரிச்சர்ட், டேவிட், கடைசித் தம்பி ஜான் என்று பையன்கள் மூவரும் அந்த வளாகத்துக்குள்ளேயே வளர்ந்தார்கள். அந்தக் கல்லூரிதான் 1957-ல் லெஸ்டர் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே அவர் பெயரில் ஒரு 18 மாடிக் கோபுரம் நிற்கிறது.

லெஸ்டர் என்று வந்ததும்தான் எனக்குத் தூக்கம் போனது. அதே பல்கலைக்கழகத்தில்தான் 1984 செப்டம்பர் 10 அன்று அலெக் ஜெஃப்ரிஸ் டிஎன்ஏ கைரேகையைக் கண்டுபிடித்தார். அதே பல்கலைக்கழகத்தில்தான் துரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் ஆங்கிலக் குடும்பப் பெயர்களையும் ஒய் குரோமோசோமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பெயர்களில் ஒன்று அட்டன்பரோ.

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது. ஆங்கிலக் குடும்பப் பெயரும் அப்படியே. ஆக, இரண்டும் ஒரே தடத்தில் இறங்க வேண்டும். ஒரே பெயர்கொண்ட, உறவு தெரியாத இரண்டு பேரைப் பிடித்துச் சோதித்தால் ஒரே ஒய் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். 2000-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிரையன் சைக்ஸ் தன் சொந்தப் பெயரைக்கொண்ட 48 ஆண்களைச் சோதித்தார், பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் ஒரே வகை இருந்தது. லெஸ்டர்காரர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பெரியது, 40 பெயர்கள், 1,678 ஆண்கள். ஸ்மித், கிங் மாதிரியான பெயர்களில் ஒன்றும் தெரியவில்லை. தெருவில் போகிற எந்த இரண்டு பேரையும் நிறுத்திச் சோதித்தது போலத்தான் முடிவு வந்தது. கொல்லர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்களே, ஸ்மித் என்ற பெயரும் நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியாகப் பிறந்திருக்கும். அரிய பெயர்களில் கதை வேறு. அட்டன்பரோ பெயர்கொண்ட ஆண்களில் 87 சதவீதம் பேர் ஒரே ஒய் வகையைச் சேர்ந்தவர்கள், அதுவும் பிரிட்டனில் பரவலாக இல்லாத ஒரு வகை.

இந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எழுத்தைப் பல விதமாக மாற்றிக்கொண்டவர்கள், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள், ஒரு கல்யாணத்திலும் சந்தித்துக்கொள்ளாதவர்கள், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பங்காளிகள்.

ஆனால் இதை வைத்து "ஒரே ஒருத்தன்தான் கிளம்பினான்" என்று முடித்துவிடக் கூடாது. அந்த ஆராய்ச்சியாளர்களே அதை அழுத்திச் சொல்கிறார்கள். மூன்று நான்கு பேர் வேறு வேறு காலத்தில் அந்த ஊரிலிருந்து கிளம்பி, எல்லாருக்குமே அந்தப் பெயர் ஒட்டியிருக்கலாம். அதில் மற்றவர்களின் வழி அற்றுப்போய் ஒருவன் வழி மட்டும் பெருகியிருக்கலாம். மகன் வழியே மட்டும் இறங்குகிற எதுவும் சீக்கிரம் அற்றுப்போகும். இதை முதலில் கணக்காகக் கேட்டவர் ஃபிரான்சிஸ் கால்டன், 1873-ல். விடை எழுதியவர் ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார். இருவரும் சேர்ந்து 1874-ல் அதை வெளியிட்டார்கள். ஆளுக்குச் சராசரியாக ஒரு மகன் என்று ஒரு எளிய கணக்குப் போட்டாலே, நூறு பேரில் 37 பேருக்கு மகனே இல்லாமல் போகிறது. அந்த 37 பெயரும் அந்தத் தலைமுறையோடு போச்சு. மிஞ்சியவர்களுக்கும் அடுத்த தலைமுறையில் அதே ஆபத்து. நடுவில் 1348, 49-ல் கொள்ளைநோய் வந்து இங்கிலாந்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜனங்களைக் கொண்டுபோனது, பெயர்கள் அப்போதுதான் வேர் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. எத்தனையோ பெயர்கள் முளையிலேயே கருகியிருக்கும். ஆக, ஒரு அரிய பெயர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறது என்பதே ஏறக்குறைய 20, 25 தலைமுறையாகத் தவறாமல் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பையன் பிறந்து வளர்ந்து ஆளாகியிருக்கிறான் என்பதற்குச் சாட்சி.

மிச்சம் 13 சதவீதம்? அதற்கும் காரணங்கள் உண்டு. தத்துப் பிள்ளை, மாமனார் சொத்துக்காகப் பெயர் மாற்றிக்கொண்ட மருமகன், அம்மாவின் பெயரோடு வளர்ந்த குழந்தை, வெளியே சொல்லாத உறவு, தனியாகக் கிளம்பிய இன்னொரு ஊர்க்காரன். தகப்பன் பெயரும் தகப்பன் ரத்தமும் பிரிந்துபோன நிகழ்ச்சிகள் ஒரு தலைமுறைக்கு நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள்தான் இருந்திருக்கும் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. பலரும் நினைப்பதைவிட இது குறைவு. ஆனால் 25 தலைமுறைக்குச் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சமாக இருக்காது. அரச குடும்பமே தப்பவில்லை. 2012-ல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூட்டைத் தோண்டியெடுத்தார்களே, அந்த ஆராய்ச்சியிலும் துரி கிங்தான் முன்னால் நின்றார். அம்மா வழி டிஎன்ஏ கச்சிதமாகப் பொருந்தியது. அப்பா வழியில், ஆவணப்படி ஒரே மூதாதைக்குப் பிறந்த ஐந்து ஆண்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள், ஒருவருடைய ஒய்யும் மன்னரோடு பொருந்தவில்லை. ஐந்தில் ஒருவர் மற்ற நால்வரோடுகூடப் பொருந்தவில்லை.

இன்னொரு ஆய்வு 2007-ல் வந்தது, அதுவும் லெஸ்டர்தான். கிழக்கு யார்க்ஷயரின் ஒரு அரிய பெயர். அந்தப் பெயர்கொண்ட 18 ஆண்களில் 7 பேருடைய ஒய் குரோமோசோம் மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டுமே காணப்படும் மிகப் பழைய வகை. அவர்களின் வம்சாவளி 1780-கள் வரை யார்க்ஷயரில்தான் போகிறது, அதற்கு முன் எப்போதோ ஒரு ஆப்பிரிக்கர் அந்த மண்ணுக்கு வந்து அந்தக் குடும்பத்தில் கலந்திருக்கிறார். ஏழு பேருமே பார்க்க வெள்ளைக்காரர்கள், தங்களுக்குள் இப்படி ஒரு பாட்டன் இருந்ததை அதுவரை அறியாதவர்கள். "நாங்கள் கலப்பில்லாத ஆங்கிலேயர்கள்" என்று யாராவது என்னிடம் பேச ஆரம்பித்தால் நான் இந்த ஆய்வைத்தான் சொல்கிறேன், சண்டைக்காக இல்லை, எனக்கு அது அவ்வளவு அழகாகத் தெரிகிறது என்பதற்காக.

ஒய் குரோமோசோம் குடும்பத்தைச் சொல்லிவிடும் என்று நான் நம்பவும் இல்லை. அது தகப்பன் வழியில் ஒற்றை இழையை மட்டும்தான் சொல்லும். அம்மாக்கள் அத்தனை பேரும் அதில் காணாமல் போகிறார்கள். 1939-ல் ஃபிரெடரிக்கும் மனைவி மேரியும் பெர்லினிலிருந்து தப்பி வந்த ஹெல்கா, ஐரீன் என்ற இரண்டு யூதச் சிறுமிகளை வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். போர் வந்துவிட, போக இடமில்லை, அந்தப் பெண்கள் மூன்று பையன்களோடு சகோதரிகளாகவே வளர்ந்தார்கள். அட்டன்பரோ குடும்பத்தின் கதையை எழுதுகிறவன் அந்த இருவரையும் விட்டுவிட்டு எழுதினால் அது பொய்க் கதை. எந்தச் சோதனைக் குழாயிலும் அவர்கள் வர மாட்டார்கள்.

டேவிட் பிறந்த பிறகு அந்தப் பெயர் ஓடியிருக்கிற ஓட்டம் தனி. 1993-ல் ஒரு பழங்காலக் கடல் ஊர்வனவுக்கு அட்டன்பரோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் மூல எலும்புகள் 1940-ல் பிரிஸ்டல் மியூசியத்தில் குண்டு விழுந்து அழிந்துபோயிருந்தன, முன்பே எடுத்துவைத்த வார்ப்பு மட்டும்தான் இருந்தது. பிலிப்பைன்ஸின் பலவான் தீவில் மலை உச்சியில் கண்ட பூச்சி தின்னும் குடுவைச் செடிக்கும் 2009-ல் அவர் பெயரை வைத்தார்கள். நியூகினியின் சைக்ளோப்ஸ் மலையில் வாழும் முட்டையிடும் பாலூட்டி ஒன்றுக்கும், துருவக் கடலில் போகும் ஆராய்ச்சிக் கப்பலுக்கும் அதே பெயர். டூம்ஸ்டே கணக்கர் எழுதாமல் விட்ட ஊர், இன்று பலவானில் ஒரு மலைச் செடியின் பெயரில் இருக்கிறது.

சித்தப்பா ஊருக்குப் போன பிறகும் இந்தக் கதையைத் தவணை தவணையாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒரு நாள் கேட்டார்: "சரிப்பா, நம்ம பென்னிகுவிக் பேரும் அப்படி ஏதாச்சும் ஊர்ப் பேருதானா?"

எனக்கு ஏன் இது முதலிலேயே தோன்றவில்லை என்று தெரியவில்லை. 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்து, மேற்கே ஓடி வீணாகக் கடலில் கலந்த ஆற்றைக் கிழக்கே எங்கள் பள்ளத்தாக்குக்குத் திருப்பிய ஜான் பென்னிகுவிக். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள், ஜனவரி 15-ல் அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். சித்தப்பா தோட்டத்துத் திராட்சையும் அந்தத் தண்ணீரில் விளைந்ததுதான். தேடிப் பார்த்தேன். அதுவும் ஊர்ப் பெயர்தான். இங்கிலாந்து இல்லை, ஸ்காட்லாந்து. எடின்பரோவுக்குத் தெற்கே 16 கிலோமீட்டரில் பெனிக்குக் என்று ஒரு ஊர் இன்றும் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பியவர்களின் பெயர் பெனிக்குக், பென்னிகுக், பென்னிகுவிக் என்று பல எழுத்தில் பரவியிருக்கிறது. ஊர்ப் பெயர் அங்கே ஆங்கிலம் வருவதற்கு முன்பு பேசிய பழைய பிரித்தானிய மொழியைச் சேர்ந்தது. பென் என்றால் தலை, குன்று. கோக் என்றால் குக்கூ என்று கூவுகிற அந்தப் பறவை. குயிலின் குன்று.

உடனே போன் போட்டேன். அங்கே ராத்திரி பத்து மணி இருக்கும். சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"குயில் குன்றா?" என்றார். "அப்போ தேனி பஸ் ஸ்டாண்டு பேரு குயில் குன்று." அப்புறம் சித்தியைக் கூப்பிட்டு, தூங்கப் போனவரை எழுப்பி, முதலிலிருந்து அவருக்குச் சொல்ல ஆரம்பித்தார். போனை வைக்க மறந்துவிட்டார். நானும் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.